‘வரலாற்றில் இன்று’ வினாடி வினா: மும்பைத் தமிழ்க் குழுவில் தினமும் நடத்த ஒரு வழிகாட்டி

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, தாராவி என்று மும்பையில் தமிழர் சேர்ந்து வாழும் எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. காலையில் அதில் வந்து விழுவது பெரும்பாலும் பூப்போட்ட காலை வணக்கமும் யாரோ அனுப்பிய கை வைத்தியமும்தான். அந்த இடத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று தினம் ஐந்து கேள்வி போட்டால் முதல் வாரம் குழுவே கூடி விளையாடும். மூன்றாவது வாரம் பெரும்பாலும் நின்றுபோகும். ஆட வருபவர்களுக்கு ஆர்வம் குறைவதால் அது நிற்பதில்லை. கேள்வி போடுபவர் தினமும் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து கையில் கிடைத்ததைப் போடுகிறார். ஒரு நாள் தேதி தப்பாகிறது. மாட்டுங்கா மாமா ஒருவர் பழைய புத்தகத்தின் படத்தோடு வருகிறார், தாராவி அண்ணாச்சி வேறொரு தேதி சொல்கிறார், அன்றைக்குக் கேள்வியை விட சண்டை பெரிதாகிவிடுகிறது. இந்த இரண்டு ஓட்டைகளையும் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டால் ஆண்டுக் கணக்கில் ஓட்டலாம்.

முதலில் கையிருப்பு

அன்றன்றைக்குக் கேள்வி தயாரிக்கும் பழக்கமே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்க்க. எழுதியவரே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது. ஒரு வாரத்துக்கு 35 கேள்வி தேவை. சரிபார்ப்பில் கழிவு அதிகம் போகும் என்பதால் 60 நிகழ்வுகளாவது திரட்டிக்கொள்ளுங்கள். தொடங்கும் நாளன்று பத்து நாள் கேள்விகள் கையில் இருக்க வேண்டும். காய்ச்சல், கல்யாணம், ஊருக்குப் போதல் எல்லாவற்றையும் அந்தப் பத்து நாள் தாங்கும்.

கேள்விகளை ஒரு அட்டவணையில் வையுங்கள். இங்கே புதியவர்கள் எல்லாரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். தேதியை ஒரே கட்டத்தில் எழுதினால் எக்செல் 1900க்கு முந்தைய எதையும் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டபொம்மன் ஒரு பக்கமும் கலாம் ஒரு பக்கமுமாக வரிசை சிதறிவிடும். 3/5 என்று எழுதினால் அது மே 3 ஆவதும் மார்ச் 5 ஆவதும் அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. மாதம், நாள், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வெறும் எண்ணாகப் போடுங்கள். அதற்கப்புறம் நிகழ்வு, கேள்வி, நான்கு விடைகள், சரியான விடை, விளக்கம், ஆதாரம் ஒன்று, ஆதாரம் இரண்டு, கடைசியாகக் கேட்ட நாள். கடைசிக் கட்டம் முதல் ஆண்டில் பயன்படாதது போலத் தெரியும். இருக்கட்டும்.

நிகழ்வுகளை எங்கே தேடுவது

விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் உண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும். அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக வேண்டாம். அங்கே ஒரு வரியாக இருப்பதை அந்த நிகழ்வின் தனிப் பக்கத்தில் பாருங்கள். பிறகு அதோடு தொடர்பில்லாத இன்னொரு இடத்தில் பாருங்கள்: நிறுவனத்தின் சொந்தத் தளம், அரசிதழ், நாளிதழ்த் தொகுப்பு, நல்ல பதிப்பகத்தின் வாழ்க்கை வரலாறு. ‘இன்றைய நாள்’ தளங்கள் பத்தில் ஒரே தேதி இருந்தாலும் அது ஒரே ஆதாரம்தான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியது அது.

மும்பைக் குழுவுக்கு இந்த ஊர்த் தேதிகள் முதுகெலும்பு. 1853 ஏப்ரல் 16, போரிபந்தர்–தாணே பயணிகள் ரயில். 1885 டிசம்பர் 28, கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகளோடு காங்கிரசின் முதல் கூட்டம். 1924 டிசம்பர் 4, கேட்வே ஆஃப் இந்தியா திறப்பு. 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் வழியில் நாட்டின் முதல் மின்சார ரயில். 1942 ஆகஸ்ட் 8, கோவாலியா குளம் மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம். 1944 ஏப்ரல் 14, துறைமுக வெடிவிபத்து. 1946 பிப்ரவரி 18, கடற்படை வீரர்களின் எழுச்சி.

இவற்றில் பலவற்றுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு வாசல் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதில்தான் நம் குழுவுக்கான ருசி. காங்கிரசின் அந்த முதல் கூட்டத்தில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர், சுதேசமித்திரனை நிறுவியவர். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் விமானத்தை ஜுஹு வரை ஓட்டி வந்தார். அங்கிருந்து சென்னைக்கு ஓட்டிப்போனவர் நெவில் வின்சென்ட். அதற்குச் சரியாக ஓராண்டு முன்னால், அதே அக்டோபர் 15ல், ராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்திருந்தார். தமிழின் முதல் பேசும் படமாகச் சொல்லப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ல் சென்னையில் வெளியானது, ஆனால் படமானது மும்பையில். ஒவ்வொரு நாளும் இப்படி அமையாது. அமையாத நாளில் இழுத்துக் கட்டவும் வேண்டாம்.

தேதி எங்கெல்லாம் ஏமாற்றும்

இந்த விளையாட்டில் உழைப்பு போக வேண்டிய இடம் இதுதான்.

நாளிதழை ஆதாரமாக எடுத்தால், 17ஆம் தேதி இதழில் இருப்பது 16ஆம் தேதிச் செய்தி. இதை எல்லாரும் அறிவோம், ஆனாலும் தொகுப்பிலிருந்து எடுக்கும்போது கை தானாக இதழின் தேதியை எழுதிவிடும்.

நள்ளிரவைத் தாண்டும் நிகழ்வுகள் அடுத்த தொல்லை. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்கு, மூழ்கியது 15 அதிகாலை. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவில். பாரதியார் மறைவுக்கு செப்டம்பர் 11, 12 இரண்டும் அச்சில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 11ஐ மகாகவி நாளாக அறிவித்திருக்கிறது. இப்படிப்பட்ட நிகழ்வில் ‘இதே நாளில்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘மோதிய’, ‘மூழ்கிய’ என்று வினையைத் துல்லியமாகப் போட்டுவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. பாரதியார் போன்றவருக்கு மறைவு நாளை விட்டுவிட்டு டிசம்பர் 11, பிறந்த நாளில் கேளுங்கள்.

நேர மண்டலம் மூன்றாவது. அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 மாலை. இங்கே 21ஆம் தேதி அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தபோது நமக்கு 21 காலை 8.26, அமெரிக்காவில் இன்னும் 20 இரவு. எந்த நாளில் கேட்பது? நிகழ்வு நடத்திய நாட்டின் தேதியைப் பின்பற்றுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, குழுவின் விவரப் பகுதியில் அதை எழுதிவிடுங்கள்.

நாட்காட்டி மாற்றம் நான்காவது. 1582ல் கத்தோலிக்க நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் 15. பிரிட்டனில் 1752 வரை பழைய நாட்காட்டி, செப்டம்பர் 2க்கு மறுநாள் 14. ரஷ்யா 1918 வரை பழையதில் இருந்ததால்தான் ‘அக்டோபர் புரட்சி’ நவம்பர் 7ல் வருகிறது. நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25, புதியதில் 1643 ஜனவரி 4. ஆண்டே மாறிவிடுகிறது பாருங்கள். 1752க்கு முந்தைய பிரிட்டன் தேதியையும் 1918க்கு முந்தைய ரஷ்யத் தேதியையும் கண்டால் இரண்டு முறை பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று திதியும் நட்சத்திரமும். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அது ஆண்டுதோறும் நகரும். ராஜராஜனின் சதய விழாவும் அப்படியே. சதய விழா நடக்கும் அன்றைய ஆங்கிலத் தேதியை ‘ராஜராஜன் பிறந்த நாள்’ என்று அட்டவணையில் ஏற்றினால் அடுத்த ஆண்டு தப்பாகிவிடும்.

பல கட்டமாக நடந்த நிகழ்வுக்குப் பல தேதி இருக்கும், எல்லாமே சரி. ‘ராஜா ஹரிச்சந்திரா’ முக்கியப் பிரமுகர்களுக்குக் காட்டப்பட்டது 1913 ஏப்ரல் 21, கிர்காவ் பகுதியில் பொதுமக்களுக்கு வெளியானது மே 3. ‘தமிழ்நாடு’ பெயர்த் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, மொழிவழி மாநிலம் அமைந்ததோ 1956 நவம்பர் 1. ஒரே நிகழ்விலிருந்து மூன்று நாள் கேள்வி கிடைக்கிறது என்று மகிழலாம், கேள்வியில் எந்தக் கட்டம் என்று சொல்லியிருந்தால்.

கடைசியாக ‘முதல்’ என்ற சொல். ‘இந்தியாவின் முதல் ரயில்’ என்று 1853ஐக் கேட்டால், சென்னையில் செங்குன்றம் ரயில் பாதையில் 1837லேயே கல் ஏற்றிப்போனார்கள் என்று ஒருவர் வருவார். அவர் சொல்வது சரி. ‘முதல் பயணிகள் ரயில்’ என்று எழுதுங்கள். ‘முதல்’ வரும் ஒவ்வொரு கேள்வியிலும் எதில் முதல் என்று ஒரு சொல்லாவது கூடுதலாக வேண்டும்.

கேள்வி எழுதுவது

தேதி ஏற்கெனவே தலைப்பில் இருக்கிறது. ஆகவே ஆண்டைக் கேட்காதீர்கள். ‘கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டு? 1797, 1798, 1799, 1800’ என்பது மனப்பாடச் சோதனை. தெரியாதவர் யோசித்துப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆண்டை நீங்களே கொடுத்துவிட்டு ஆளையும் இடத்தையும் காரணத்தையும் கேளுங்கள்.

அக்டோபர் 16ஐ எடுத்துக்கொள்வோம். வளமான நாள்.

முதல் கேள்வி எளிது. ‘1799ல் இதே நாளில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் யார்?’ பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். அன்றைக்கு ஒரு மதிப்பெண்ணாவது கிடைத்தவர்தான் மறுநாளும் வருவார்.

இரண்டாவது: ‘1905ல் இதே நாளில் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பின் அடையாளமாக ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்ட அழைத்த கவிஞர் யார்?’ விடைகள் தாகூர், சரோஜினி நாயுடு, இக்பால், பங்கிம் சந்திரர். விடை தாகூர். பங்கிம் சந்திரர் 1894லேயே காலமானவர். அது தெரிந்தவர் ஒன்றைக் கழித்துவிடுவார். தவறான விடைகள் இப்படி அறிவுக்கு வேலை தர வேண்டும். மராத்தியச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு ராக்கி நன்றாகத் தெரியும் என்பதும் இங்கே கணக்கு.

மூன்றாவது: ‘1906ல் இதே நாளில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடியிலிருந்து எந்த ஊருக்குக் கப்பல் விட்டது?’ கொழும்பு, ரங்கூன், பினாங்கு, கொச்சி. விடை கொழும்பு. இதன் விளக்கத்தில்தான், கம்பெனிக்குக் கப்பல் தேடி வ.உ.சி. வந்தது மும்பைக்கு என்ற செய்தியைப் போட வேண்டும். கேள்வியில் போட்டு வீணாக்காதீர்கள்.

நான்காவது: ‘1846ல் பாஸ்டன் மருத்துவமனையில் அறுவைக்கு முன் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் நோயாளியை எதை முகரவைத்தார்?’ ஈதர், குளோரோஃபார்ம், நைட்ரஸ் ஆக்சைடு, கற்பூரம். விடை ஈதர். குளோரோஃபார்ம் அடுத்த ஆண்டுதான் பயனுக்கு வந்தது. நைட்ரஸ் ஆக்சைடை ஹொரேஸ் வெல்ஸ் அதே ஊரில் 1845ல் காட்டித் தோற்றார். இரண்டும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும் தவறுகள். கற்பூரம் சும்மா நிற்கிறது, அதை மாற்றினால் கேள்வி இன்னும் தேறும்.

ஐந்தாவது கடினம்: ‘1964ல் இதே நாளில் அணுகுண்டை வெடித்துப் பார்த்து, அப்படிச் செய்த ஐந்தாவது நாடானது எது?’ சீனா, பிரான்ஸ், பிரிட்டன், இந்தியா. விடை சீனா. இதில் நான்காவது விடையாக இஸ்ரேலைப் போடத் தோன்றும். வேண்டாம். அறிவிக்கப்படாத ஒன்றை விடைப் பட்டியலில் வைத்தால் அன்று மாலை முழுதும் அதற்கே போகும்.

உலக உணவு நாள், 1945ல் கியூபெக்கில் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கியது, 1978ல் இரண்டாம் ஜான் பால் போப்பானது எல்லாம் மிச்சமிருக்கின்றன. அடுத்த ஆண்டுக்கு.

எழுதும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள்: கேள்வி 20 சொல்லுக்குள். நான்கு விடைகளும் ஒரே இனம், ஏறக்குறைய ஒரே நீளம். சரியான விடையை மட்டும் விரிவாக எழுதும் பழக்கம் நம்மை அறியாமல் வரும், ஒரு வாரத்தில் ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘மேலே உள்ள அனைத்தும்’ வேண்டவே வேண்டாம், விடைகளை வரிசை மாற்றினால் அது உளறலாகிவிடும். குழுவின் சராசரி ஐந்துக்கு மூன்றில் நின்றால் அளவு சரி. நான்கரை என்றால் அலுத்துவிடும், இரண்டுக்குக் கீழே என்றால் ஆள் கழன்றுவிடும்.

கூகுளில் தேடிப் போடுபவரைத் தடுக்க முடியாது. தேடலைக் கொஞ்சம் சுற்றவைக்கலாம், இரண்டு துப்பைச் சேர்த்து. ‘இருவரும் பிப்ரவரி 29ல் பிறந்தவர்கள். பிரதமரான ஒருவர், நாட்டியக் கலைஞரான மற்றவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தார், அவர் மறுத்தார். யார் யார்?’ மொரார்ஜி தேசாய் 1896, ருக்மிணி தேவி அருண்டேல் 1904. மொரார்ஜி பழைய பம்பாய் மாநில முதல்வராகவும் இருந்தவர் என்பதால் நம் குழுவுக்கு இரட்டைப் பொருத்தம்.

ஆண்டுக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. 150ஆவது பிறந்த ஆண்டும் 150 வயது நிறைவதும் வேறு. 1872 செப்டம்பர் 5ல் பிறந்த வ.உ.சி.க்கு 150ஆவது ஆண்டு தொடங்கியது 2021ல், நிறைந்தது 2022ல். கேள்வியில் ‘நிறைவு’ அல்லது ‘தொடக்கம்’ என்று எழுதிவிடுங்கள்.

எதில் போடுவது

வாட்ஸப் வாக்கெடுப்பு எளிது, ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும், விடையை மாற்றிக்கொள்ளவும் முடியும். குழுவில் விவரமானவர் என்று பெயரெடுத்தவர் முதலில் தொட்டதும் மற்றவர்கள் அவர் பின்னால் போய்விடுவார்கள். விளையாட்டுக்கு மட்டும் என்றால் சரி, மதிப்பெண் உண்டு என்றால் ஒத்துவராது.

டெலிகிராமில் வினாடி வினா வகை வாக்கெடுப்பு இருக்கிறது. ஒருமுறை தொட்ட விடையை மாற்ற முடியாது, தவறினால் சரியானதும் விளக்கமும் உடனே தெரியும். விளக்கத்துக்கு 200 எழுத்துதான் இடம். தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி எழுத்தாக எண்ணப்படும். ‘கயத்தாறு’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு எட்டு. ஆகவே 20 சொல்லுக்கு மேல் போகாது என்று நினைத்தே எழுதுங்கள்.

மதிப்பெண் கணக்கு வேண்டுமென்றால் கூகுள் படிவம். அமைப்பில் வினாடி வினாவாக மாற்றி, விடைகளைக் கலைக்கும் வசதியைத் தட்டிவிட்டு, மதிப்பெண்ணைப் பிறகு வெளியிடும் தேர்வை வையுங்கள். அதற்கு மின்னஞ்சல் முகவரி வாங்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஒரே பதில் என்று பூட்டினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், பெரியவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பூட்டாமல், ஒரே பெயரில் இரண்டு வந்தால் முதலில் வந்ததே கணக்கு என்று அறிவித்துவிடுங்கள். நேரம் படிவத்திலேயே பதிவாகும்.

கேள்வி காலை 6 மணிக்கு, விடை இரவு 9.30க்கு. முதலில் சொன்னவருக்குக் கூடுதல் மதிப்பெண் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறியவருக்கு கைப்பேசியை எடுக்கக் கையை மடக்கவே இடமிருக்காது. வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்றவர்களே தினமும் ஜெயிப்பார்கள். மதிப்பெண் பட்டியலை வாரம் ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள், இடையில் சேர்ந்தவருக்கும் வழி இருக்கும். சமமானால் ஞாயிறு அன்று ஒரு எண் மதிப்பீட்டுக் கேள்வி, பக்கத்தில் வந்தவர் வெற்றி.

மும்பையில் பிறந்து ஆங்கிலமோ மராத்தியோ பயிற்று மொழியாகப் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதில் நன்றாக ஏறும், கண்ணில் ஏறாது. ஐந்து கேள்விகளையும் ஒரு நிமிடத்துக்குள் வாசித்து ஒரு குரல் பதிவும் சேர்த்துப் போடுங்கள். ஊர்ப் பெயர்களை நிறுத்திச் சொல்லுங்கள். பங்கேற்பில் உடனே வித்தியாசம் தெரியும்.

தொடக்கூடாத நாட்கள் சில உண்டு, மும்பையில் குண்டுவெடிப்பும் பயங்கரவாதத் தாக்குதலும் நடந்த நாட்கள். 1993 மார்ச் 12, 2006 ஜூலை 11, 2008 நவம்பர் 26. குழுவில் யார் வீட்டில் என்ன இழப்பு என்று தெரியாது. அந்த நாட்களில் வேறு நூற்றாண்டுக்குப் போய்விடுங்கள். எந்த நாளிலும் ‘எத்தனை பேர் இறந்தார்கள்’ என்ற கேள்வி வேண்டாம், அது எண்ணிக்கையிலும் சர்ச்சைதான்.

தவறு வரும்போது

எவ்வளவு பார்த்தாலும் மாதத்தில் ஒன்றிரண்டு வரும். மறுப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆதாரம் தர வேண்டும், பொதுவில் இல்லாமல் நடத்துபவருக்குத் தனியாக. மறுப்பு சரியானால் அந்தக் கேள்விக்கு அன்று ஆடிய எல்லாருக்கும் ஒரு மதிப்பெண். மறுத்தவருக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து எல்லாக் கேள்விக்கும் மறுப்பு வரும். திருத்தத்தை அன்றே அட்டவணையிலும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே தவறு அதே நாளில் திரும்பி வரும்.

ஆண்டு முழுதும் ஓடினால் 1,800 கேள்விக்கு மேல் சேர்ந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் கடைசியாகக் கேட்ட நாளைப் பார்த்து, நிகழ்வை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றுங்கள். ஏப்ரல் 16க்கு முதல் ஆண்டு, போரிபந்தரிலிருந்து ரயில் எங்கே போனது என்று கேட்டிருந்தால், அடுத்த ஆண்டு 14 பெட்டிகளை இழுத்த எஞ்சின்கள் எத்தனை என்று கேட்கலாம்: மூன்று. அதற்கடுத்த ஆண்டு அந்த மூன்றின் பெயர்களோடு பொருந்தாத ஒன்றைச் சேர்த்துப் போட்டு, சாகிப், சிந்து, சுல்தான், சிவாஜி இவற்றில் சேராதது எது என்று கேட்கலாம். நான்காம் ஆண்டில் தெற்கே திரும்பி, அந்த வண்டிக்கு மூன்றாண்டு கழித்து ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில் எந்த ஊர் வரை போனது என்று கேட்டால் விடை வாலாஜா ரோடு. அந்த விளக்கத்தில் 1856 ஜூலை 1 என்று குறித்துவிட்டு, ஜூலை 1 வரிசையிலும் ஒரு நிகழ்வாக ஏற்றிவிடுங்கள்.